கட்சியே இல்லாத ஊரில் முதல்வரை யார் தேர்ந்தெடுப்பது?

தேர்தல் என்றாலே கட்சிக் கொடி, சின்னம், கூட்டணிப் பேச்சு... இதெல்லாம்தானே நினைவுக்கு வரும்?

கனடாவின் வடகோடியில் உள்ள நுனவுட் வட்டாரத்தில் இவை எதுவும் கிடையாது. அங்கு வேட்பாளர்கள் எல்லாருமே சுயேச்சைகள்.

1999 ஏப்ரல் 1ஆம் தேதி வடமேற்கு வட்டாரத்திலிருந்து பிரிந்து உருவானது நுனவுட். மக்களில் பெரும்பாலோர் இனுவிட் பழங்குடியினர். கட்சி இல்லாமல் கலந்துபேசி முடிவெடுக்கும் ஆட்சிமுறை வடமேற்கு வட்டாரத்தில் ஏற்கனவே இருந்தது. நுனவுட்டும் அதையே தொடர்ந்தது.

முதல்வர் எப்படி வருகிறார்?

- மக்கள் 22 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.
- அந்த 22 பேரும் கூடி மன்ற நாயகரையும் முதல்வரையும் ரகசிய வாக்கெடுப்பில் முடிவுசெய்வார்கள்.
- அமைச்சர்களைத் தேர்ந்தெடுப்பதும் அவர்களே. யாருக்கு எந்தத் துறை என்பதை மட்டும் முதல்வர் தீர்மானிப்பார்.

அப்படின்னா எதிர்க்கட்சி?

இல்லை. ஆனால் அமைச்சரவையில் இல்லாத உறுப்பினர்களின் எண்ணிக்கைதான் அதிகம். அவர்களில் சிலராவது சம்மதித்தால்தான் வரவுசெலவுத் திட்டம்கூட நிறைவேறும்.

இதுவரை யார் யார்?

முதல் முதல்வர் திரு பால் ஒக்காலிக். பதவியேற்றபோது அவருக்கு வயது 34. 2008இல் அவரைத் தோற்கடித்து முதல்வரானார் திருவாட்டி ஈவா ஆரியாக். 2013இல் திரு பீட்டர் தப்தூனா பொறுப்பேற்றார்.

பதவி பறிபோகுமா?

போகும். 2017 நவம்பரில் முதல்வரானவர் திரு பால் குவாசா. நுனவுட் உருவாக வழிவிட்ட 1993ஆம் ஆண்டு நில உடன்பாட்டுக்காகப் பேச்சு நடத்தியவர்களில் ஒருவர். ஆனாலும், ஏழே மாதத்தில் உறுப்பினர்கள் அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தனர். அவரைக் காப்பாற்றக் கட்சி என்று ஒன்று இல்லை. 2018 ஜூனில் பதவி இழந்தார். துணை முதல்வர் திரு ஜோ சவிக்கதாக் அன்றே முதல்வரானார்.

குறை இல்லையா?

இருக்கிறது. முதல்வர் யார் என்று மக்கள் நேரடியாகச் சொல்ல முடியாது. "இதைச் செய்வோம்னு சொன்னீங்களே" என்று கேட்கக் கட்சியின் தேர்தல் அறிக்கையும் இல்லை.

ஆக, முதல்வரை உட்கார வைப்பதும் சக உறுப்பினர்கள்தான். எழுப்பிவிடுவதும் அவர்கள்தான். வாக்காளர் கையில் இருப்பது, அந்த உறுப்பினரைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது மட்டுமே.