பழைய டீசல் லொறி இயந்திரங்கள்: பிழைப்புக்கும் மூச்சுக்கும் இடையில்

ரொறன்ரோ நகரை ஊடறுத்துச் செல்லும் 401 ஆம் இலக்க நெடுஞ்சாலை, வட அமெரிக்காவின் மிக நெரிசலான சாலைகளில் ஒன்று. அதில் ஓடும் கனரக லொறிகளில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்தவையும் உண்டு. அவற்றின் கதவுகளில் குளிர்கால உப்பு துருவாகப் படிந்திருக்கும். ஆனால் உள்ளிருக்கும் இயந்திரம் ஒரு தடவையாவது முழுமையாகப் பிரிக்கப்பட்டு, புதுப்பிக்கப்பட்டிருக்கும்.

சொந்தமாக ஒரு லொறியை வைத்து ஓட்டுகின்ற புலம்பெயர்ந்தவருக்குப் பழைய இயந்திரத்தைப் புதுப்பிப்பதா, கடன் பெற்றுப் புதிய வண்டி வாங்குவதா என்பது குடும்பத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் கேள்வி. புதிய இழுவை வண்டி ஒன்றின் விலை இரண்டு லட்சம் கனேடிய டொலரைத் தொட்டு நிற்கிறது. இயந்திரத்தைப் புதுப்பிக்கும் செலவு அதில் ஒரு சிறு பங்கே. ஆனால் இதே நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான், ஸ்காபரோவில், தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள் என்பதால் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது.

விரும்பப்படும் மூன்று இயந்திரங்கள்

பழைய இயந்திரங்களை நாடுவோர் பெரும்பாலும் மூன்று பெயர்களைச் சொல்வார்கள். முதலாவது, 1987 இல் அறிமுகமான டிட்ரொயிட் டீசல் நிறுவனத்தின் சீரிஸ் 60. எரிபொருளை முழுமையாக மின்னணு முறையில் கட்டுப்படுத்திய கனரக லொறி இயந்திரங்களில் இதுவே முன்னோடி. இதன் 12.7 லீற்றர் வகைக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு. இரண்டாவது, கம்மின்ஸ் நிறுவனத்தின் 14 லீற்றர் கொள்ளளவு கொண்ட என்14. மூன்றாவது, 1990களில் கேட்டர்பில்லர் வெளியிட்ட 14.6 லீற்றர் 3406இ.

இம்மூன்றுக்கும் பொதுவான அம்சங்கள் இரண்டு. இவற்றில் பிற்காலத்தில் வந்த துகள் வடிகட்டிகளோ, யூரியாக் கரைசல் தெளிக்கும் கருவிகளோ இல்லை. அடுத்து, இவற்றின் சிலிண்டர்கள் கழற்றி மாற்றக்கூடிய லைனர்களைக் கொண்டவை. தேய்ந்த லைனரை உருவிவிட்டுப் புதியதைப் பொருத்தலாம் என்பதால், இரும்புக் கட்டையைக் கடைந்து துளையைப் பெரிதாக்க வேண்டியதில்லை. இந்த இயந்திரங்கள் பல தடவை மறுபிறவி எடுக்க முடிவது இதனால்தான்.

ஈழத் தமிழருக்கு இத்தகைய மறுபிறவி புதியதல்ல. 1990 இல் தொடங்கிய எரிபொருள் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளைச் சிறிதளவு பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டியதை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் கற்ற பழுதுபார்க்கும் பழக்கம், உதிரிப்பாகம் தாராளமாகக் கிடைக்கும் நாட்டிலும் கைகொடுக்கிறது.

புதுப்பித்தல் என்பது என்ன?

இயந்திரத்தை வண்டியின் சட்டத்திலிருந்து இறக்காமலே செய்யும் புதுப்பிப்பு ஒரு வகை. சிலிண்டர் தலையையும் எண்ணெய்த் தொட்டியையும் கழற்றி, லைனர், பிஸ்டன், ரிங், முதன்மை பெயரிங், கொனெக்டிங் ரொட் பெயரிங், கேஸ்கட்டுகள் ஆகியவற்றை மாற்றுவார்கள். இயந்திரத்தை முழுவதுமாக வெளியே எடுத்து, கிராங் தண்டு முதல் பற்சக்கரங்கள் வரை அளந்து சரிபார்ப்பது மற்ற வகை. இதற்குச் செலவு கூடும், ஆனால் மறைந்திருக்கும் கோளாறுகள் வெளிப்படும்.

இவ்வேலையின் வெற்றி, தோல்வி பெரும்பாலும் ஒரு சிறிய அளவீட்டில் தங்கியிருக்கிறது. லைனரின் விளிம்பு இயந்திரக் கட்டையின் மேற்பரப்பை விட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு உயர்ந்து நிற்க வேண்டும். அப்போதுதான் சிலிண்டர் தலையை இறுக்கும்போது கேஸ்கட் எரிவாயுவை அடைத்து நிற்கும். லைனர் அமரும் படி தேய்ந்திருப்பதைக் கவனியாமல் பாகங்களை மட்டும் மாற்றினால், சில மாதங்களிலேயே குளிர்நீர் எண்ணெயில் கலக்கும். மலிவாகச் செய்த புதுப்பிப்பு இரண்டாவது செலவை அழைத்து வருவது இப்படித்தான். ஆகவே வேலையை ஒப்படைப்பவர் கேட்டு வாங்க வேண்டியது பற்றுச்சீட்டை மட்டுமல்ல, அளவீடுகள் எழுதிய தாளையும்தான்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை

முதல் எதிரி குளிர்நீர். இயந்திரம் அதிரும்போது லைனரின் வெளிப்புறத்தில் நுண்ணிய குமிழ்கள் தோன்றி உடைகின்றன. ஒவ்வொரு உடைவும் இரும்பில் ஊசிமுனை அளவு குழியைத் தோண்டி, காலப்போக்கில் லைனரைத் துளைத்துவிடும். இதைத் தடுக்கும் இரசாயனச் சேர்மானம் குளிர்நீரில் சரியான அளவில் உள்ளதா என்பதைச் சோதனைத் தாள் கொண்டு சில நிமிடங்களில் அறியலாம். பல ஆயிரம் டொலர் பெறுமதியான இயந்திரங்கள் இந்தச் சில நிமிடச் சோதனையைத் தவிர்த்ததால் அழிந்திருக்கின்றன.

இரண்டாவது, எண்ணெய்ப் பரிசோதனை. பழைய எண்ணெயின் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் இயந்திரத்தின் உடல்நிலை தெரியவரும். ஈயமும் செம்பும் கூடினால் பெயரிங் தேய்கிறது, இரும்பும் குரோமியமும் கூடினால் லைனரும் ரிங்கும் தேய்கின்றன, சிலிக்கன் கூடினால் காற்று வடிகட்டி வழியே தூசி நுழைகிறது, சோடியமோ பொட்டாசியமோ கூடினால் குளிர்நீர் கசிகிறது என்று பொருள் கொள்ளலாம். 2016 இன் இறுதியில் வெளிவந்த இரு எண்ணெய் வகைகளில் சிகே-4 பழைய இயந்திரங்களுக்கும் ஏற்றது. எஃப்ஏ-4 புதிய இயந்திரங்களுக்காகவே உருவாக்கப்பட்ட மெல்லிய எண்ணெய் என்பதால் பழையவற்றுக்குப் பொருந்தாது.

மூன்றாவது, எரிபொருள். 2006 முதல் கனடாவில் சாலை வாகனங்களுக்கான டீசலில் கந்தகம் 15 பிபிஎம் அளவுக்குக் குறைக்கப்பட்டது. அந்த மாற்றத்தின்போது சில பழைய இயந்திரங்களின் இரப்பர் அடைப்புகள் சுருங்கிக் கசிந்தன. குளிர்காலத்தில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைப்பதும் ஒன்ராறியோவில் வழமையான தொல்லை. இரவில் இயந்திரத்தைச் சூடாக வைத்திருக்கும் மின்கருவி இல்லாமல் சனவரியைக் கடப்பது கடினம்.

நினைவில் கொள்ள வேண்டிய ஒரு வழக்கு

பழைய இயந்திரங்கள் கணினியின் சூதறியாதவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. 1998 இல் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டிட்ரொயிட் டீசல் உள்ளிட்ட ஏழு தயாரிப்பாளர்கள் அமெரிக்க அரசுடன் ஓர் இணக்கத்துக்கு வந்தனர். ஆய்வுகூடச் சோதனையில் தேறிய இயந்திரங்கள், நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது எரிபொருளை மிச்சப்படுத்தும் வகையில் மாறி, அனுமதித்த அளவை விடப் பன்மடங்கு நைட்ரஜன் ஒக்சைட்டுகளை வெளியிடும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தது என்பதே குற்றச்சாட்டு. தயாரிப்பாளர்கள் மொத்தமாக 8 கோடியே 34 லட்சம் அமெரிக்க டொலர் அபராதம் செலுத்தினர். 1993 முதல் 1998 வரையான பல இயந்திரங்களைப் புதுப்பிக்கும்போது திருத்திய மென்பொருளை ஏற்ற வேண்டும் என்பதும் அந்த இணக்கத்தில் ஒரு விதி. இன்று போற்றப்படும் பழைய இயந்திரங்களின் சிக்கனத்தில் ஒரு பகுதி இவ்வாறு வந்தது என்பதை மறந்துவிட முடியாது.

சட்டம் தரும் சலுகையும் தராத சலுகையும்

ஓட்டுநரின் பணிநேரத்தைப் பதியும் மின்னணுக் கருவி கனடாவில் 2021 ஜூன் 12 முதல் விதியாக்கப்பட்டு, 2023 சனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. 2000 ஆம் மாதிரி ஆண்டுக்கு முந்திய வண்டிகளுக்கு இக்கருவி கட்டாயமில்லை. பழைய லொறிகளுக்கு ஏற்பட்ட கிராக்கிக்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் விலக்கு கருவிக்கு மட்டுமே. ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்ற வரம்பு பழைய வண்டிக்கும் உண்டு. தாளில் எழுதும் பதிவேட்டையும் அதிகாரிகள் சோதிப்பார்கள்.

2009 இல் ஒன்ராறியோ கொண்டுவந்த மணிக்கு 105 கிலோமீற்றர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிச் சட்டமும் 1994 க்குப் பிந்திய, மின்னணு இயந்திரம் கொண்ட கனரக வண்டிகளுக்கே பொருந்தும். கார்களுக்கான புகைச் சோதனையை ஒன்ராறியோ 2019 இல் கைவிட்டது. கனரக டீசல் வண்டிகளுக்கான சோதனை தொடர்ந்தது. 2023 இல் அது பாதுகாப்புச் சோதனையுடன் ஒரே திட்டமாக இணைக்கப்பட்டது. பழைய இயந்திரம் அது வெளிவந்த காலத்தின் அளவுகோலால் மதிப்பிடப்படுகிறது. ஆனால் பொருத்தப்பட்டிருக்கும் புகைக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றுவது எந்த வண்டியிலும் குற்றமே. எல்லை கடப்போருக்கு வேறு தடையும் உண்டு. 2023 சனவரி முதல் கலிபோர்னியாவில் ஏறத்தாழ எல்லாக் கனரக டீசல் லொறிகளும் 2010 அல்லது அதற்குப் பிந்திய இயந்திரம் கொண்டிருக்க வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் உதாரணம் பார்க்கலாம். புதிய வண்டி 100 கிலோமீற்றருக்கு 32 லீற்றரும், பழையது 38 லீற்றரும் குடிப்பதாகவும், டீசல் லீற்றர் ஒன்றரை டொலர் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 160,000 கிலோமீற்றர் ஓடும் நெடுந்தூர வண்டியில் வித்தியாசம் 9,600 லீற்றர், அதாவது 14,400 டொலர். நகரைச் சுற்றி 40,000 கிலோமீற்றர் மட்டுமே ஓடும் வண்டியில் அது 3,600 டொலர்தான். நெடுந்தூரம் ஓடுபவருக்கு, புதுப்பிப்பில் மிஞ்சிய பணத்தில் பெரும்பகுதியை எரிபொருளே சில ஆண்டுகளில் விழுங்கிவிடும். மண், கல் ஏற்றுபவருக்கும் பருவகால வேலை செய்பவருக்கும் பழைய இயந்திரம் பொருளாதார ரீதியில் நியாயமானது.

புதிய இயந்திரங்களின் மீதான அச்சமும் ஆதாரமற்றதல்ல. யூரியாத் தொகுதியின் ஓர் உணரி பழுதானாலே வண்டியின் வேகத்தை இயந்திரம் தானாகக் குறைத்து, ஓட்டுநரை வீதியோரத்தில் நிறுத்திவிடுவதுண்டு. இந்தக் கட்டாய வேகக் குறைப்பைத் தளர்த்தும் வழிகாட்டலை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2025 ஆகஸ்டில் வெளியிட்டது, குறை உண்மையானது என்பதன் ஒப்புதலாகும்.

யாருடைய மூச்சு?

இருந்தும், மறுபக்கத்தின் எடை குறைந்ததல்ல. 1998 இன் விதி ஒரு குதிரைவலு-மணிக்கு 4.0 கிராம் நைட்ரஜன் ஒக்சைட்டுகளை அனுமதித்தது. 2010 இன் விதி 0.20 கிராம் மட்டுமே அனுமதித்தது. கரித் துகள் 0.10 கிராமிலிருந்து 2007 இல் 0.01 கிராமாகக் குறைந்தது. நன்றாகச் செய்த புதுப்பிப்பு கரும்புகையைக் குறைக்கும். ஆனால் அது இயந்திரத்தை அதன் பிறந்த ஆண்டின் தரத்துக்கே மீட்கிறது, இன்றைய தரத்துக்கு அல்ல.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 இல் வகைப்படுத்தியது. டீசல் புகையால் 2015 இல் கனடாவில் ஏறத்தாழ 710 அகால மரணங்கள் நேர்ந்ததாகக் கனேடிய சுகாதாரத் துறை 2016 இல் மதிப்பிட்டது. நெடுஞ்சாலையோரக் காற்றில் டீசல் லொறிகளின் பங்கு அவற்றின் எண்ணிக்கைக்கு மிஞ்சியது என்று ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல் காட்டினர். ஓட்டுபவர் ஒருவர், சுவாசிப்பவர் வேறொருவர் என்று பிரிக்கவும் முடியாது. புகைக்கு மிக அருகில் அதிக நேரம் இருப்பவர் லொறிச் சாரதியும், கதவடைத்த கராஜில் குளிர்காலம் முழுவதும் வேலை செய்யும் மெக்கானிக்கும்தான்.

தீர்வு வயதில் இல்லை

டில்லியில் பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 இல் தடைசெய்தது. 2018 இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே நீதிமன்றம் 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது நடவடிக்கை எடுப்பதை நிறுத்திவைத்தது. வயதை மட்டும் அளவுகோலாக்கினால், ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடும் வண்டியும், இரவு பகலாக ஓடும் வண்டியும் ஒன்றாகிவிடும் என்பதே அதற்கெதிராக எழும் வாதம். கலிபோர்னியா தடையோடு நிற்கவில்லை. பழைய இயந்திரத்தைக் கைவிடுவோருக்கு மானியம் வழங்கும் கார்ல் மோயர் திட்டத்தை அம்மாநிலம் 1998 முதல் நடத்தி வருகிறது.

ஒன்ராறியோ கற்க வேண்டிய பாடம் இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது. சோதனை நேர்மையாக நடக்க வேண்டும். புகை கக்கும் வண்டி, பழையதோ, கருவி கழற்றிய புதியதோ, சாலையிலிருந்து அகற்றப்பட வேண்டும். மாற்று வண்டி வாங்கும் சுமையைத் தனியொரு உரிமையாளரின் தோளில் மட்டும் ஏற்றக்கூடாது. அதுவரை, புதுப்பிப்பதா விடுவதா என்று தயங்கி நிற்பவர், வண்டி ஆண்டுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும், எந்த எல்லையைக் கடக்கும், யாருடைய வீட்டு வாசலால் போகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே இயந்திரத்தில் கைவைப்பது நல்லது.