கிதாபின் மேல் பெயர் எழுதுதல்

நூல் ஒன்றை நாம் இழப்பதற்கு நெருப்பும் கறையானும் வேண்டுவதில்லை. அது இன்ன நூலென்று அறிய இயலாது போயின், அலமாரியில் இருந்தும் இல்லாததாகிவிடும். ஆதலின் நூலுக்குப் பெயர் பொறிக்கும் முறையையும் நம் முன்னோர் கல்வி ஒழுக்கங்களுள் ஒன்றாக எண்ணினர்.

ஹமா நகரில் 1241இல் பிறந்து, எகிப்திலும் ஷாமிலும் தலைமைக் காழியாக விளங்கி, 1333இல் மறைந்தவர் ஷாபியீ மத்ஹபின் அறிஞர் பத்ருத்தீன் இப்னு ஜமாஆ (ரஹ்) அவர்கள். ஆசிரியர், மாணவர் ஒழுக்கங்களைக் கூறும் அவர்தம் ‘தத்கிரதுஸ் ஸாமிஃ வல் முதகல்லிம்’ என்னும் நூலில், கிதாபுகளைப் பேணுவதற்கெனவே ஓர் இயல் உண்டு. கிதாபுகளைத் தரையில் வையாது பலகைமீது வைக்க வேண்டும்; அடுக்கின் உச்சியில் திருக்குர்ஆன் இருத்தல் வேண்டும்; சிறு நூலின்மீது பெருநூலை ஏற்றலாகாது என்று கூறிவரும் அவர், நூலின் பெயரை ஏடுகளின் கீழ்விளிம்பில் எழுதுமாறு பணிக்கிறார். வேண்டிய நூலை அடுக்கில் அடையாளம் கண்டு எடுப்பதற்கே இவ்வேற்பாடு.

கீழ்விளிம்பைத் தேர்ந்தது ஏன்? அக்காலத்துக் கிதாபுகள் நிறுத்தி வைக்கப்படாமல், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தப்பட்டன. பக்கவிளிம்பை அட்டையின் மடல் மூடிவிடும். கீழ்விளிம்போ பார்ப்பவர் கண்ணுக்கு நேரே நிற்கும். அங்கே மையால் எழுதினர், எதையும் ஒட்டவில்லை. தோலுக்கும் தையலுக்கும் ஊறு நேரவில்லை.

இக்காலத்தில் ஒட்டுச்சீட்டு எளிதாகக் கிடைக்கிறது. அதன் பசையோ நாளடைவில் தோலில் ஊறிக் கறையாகும். உரிக்குங்கால் தோலின் மேற்பரப்பையும் உடன் பெயர்த்துவிடும். முதல் ஏட்டில் ஒட்டினாலோ இழப்பு இன்னும் பெரிது. வக்பு வாசகம் பெரும்பாலும் அங்கேதான் எழுதப்படும். கொடுத்தவர் யார், எவருக்காகக் கொடுத்தார், என்ன நிபந்தனை விதித்தார் என்பனவெல்லாம் ஒரு சீட்டின் அடியில் மறைந்துபோம். நூலுக்குப் பெயரிடப் புகுந்து அதன் வரலாற்றையே அழித்தவராவோம்.

பழஞ்சுவடியின் விளிம்பில் இன்று புதிதாக மை தீட்டுதலும் தகாது. அமிலமற்ற தாளில் பெயரும் எண்ணும் எழுதி, நூலினுள் செருகி, நுனி சற்றே வெளியே தெரியுமாறு விடலாம். நூலைச் சுற்றிக் கட்டிய பருத்தி நாடாவிலும் அச்சீட்டைக் கோக்கலாம். பெட்டியில் வைப்பதாயின் பெட்டியின்மேல் சீட்டை ஒட்டுக. நூலினுள் எண் குறிக்க வேண்டின் மென்மையான பென்சிலே போதும்.

பாட்டனார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் நம் இல்லங்கள் பலவற்றின் பெட்டகங்களில் இன்றும் உள்ளன. அவற்றைத் திறந்து, முதல் ஏட்டைப் படித்த பின்னரே பெயர்ச்சீட்டு எழுத அமர்வோமாக.