காற்று வழங்கும் தீர்ப்பு: பால்சா மர விமானங்களின் வரலாறு

1930களில் அமெரிக்கச் சிறுவன் ஒருவன் பத்து சென்ட் கொடுத்து வாங்கிய பெட்டியின் மேல் அழகிய விமானத்தின் வண்ணப் படம் இருந்தது. பெட்டிக்குள்ளோ விமானம் இல்லை. சில மெல்லிய மரக்குச்சிகள், பாகங்களின் வடிவம் அச்சிடப்பட்ட மரத்தகடு, மடித்து வைத்த மென்தாள், ஒரு ரப்பர் பட்டை, ஒரு வரைபடம் ஆகியவையே இருந்தன. எஞ்சியதை அவன் தன் கைகளாலேயே ஆக்கிக்கொள்ள வேண்டும். விளையாட்டுப் பொருள் என்று நாம் எளிதாகக் கடந்து செல்லும் இந்தப் பெட்டிக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளின் கைகளுக்கு எதைக் கொடுக்கிறோம் என்ற கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கிறது.

மனிதன் ஏறிப் பறந்த விமானத்துக்கு முன்பே பொம்மை விமானம் பறந்துவிட்டது. 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸ் நகரின் துய்லரி பூங்காவில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இளைஞர், முறுக்கிய ரப்பரால் இயங்கும் சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். அது 11 விநாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் தூரம் நிலைதடுமாறாமல் சென்றது. அந்த நிலைத்தன்மைக்குக் காரணம் அவர் அமைத்த சிறிய வால் பகுதி. மனிதரைச் சுமக்கும் விமானத்தையும் அவர் வரைந்து வைத்திருந்தார். அதற்கு ஆதரவு கிட்டவில்லை. 1880இல், தம் 30ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஆயினும் அவருடைய சிந்தனை மறையவில்லை. 1878இல் அமெரிக்காவில் ஒரு தந்தை, பெனோவின் முறையில் மூங்கில், தக்கை, தாள், ரப்பர் ஆகியவற்றால் செய்யப்பட்ட பறக்கும் பொம்மையொன்றைத் தம் இரு மகன்களுக்கு வாங்கி வந்தார். அச்சிறுவர்கள் வில்பர் ரைட்டும் ஆர்வில் ரைட்டும் ஆவர். பொம்மை உடைந்தபின் அதைப்போலவே தாங்களே செய்யத் தொடங்கினர். சிறியவை பறந்தன, பெரிதாக்கியவை பறக்க மறுத்தன. அளவை இரு மடங்காக்கினால் எட்டு மடங்கு விசை தேவைப்படும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. 1903 டிசம்பர் 17 அன்று அவர்களுடைய விமானம் 12 விநாடிகள் வானில் நின்றபோது, அதன் பின்னணியில் அந்தப் பழைய தோல்விகளும் இருந்தன.

தொடக்க கால மாதிரிகள் மூங்கிலாலும் பிற மரங்களாலும் செய்யப்பட்டன. அவற்றின் இடத்தைப் பிடித்தது தென் அமெரிக்காவின் பால்சா மரம். இன்றும் உலகுக்கு அதை மிகுதியாக வழங்கும் நாடு ஈக்வடார். ‘பால்சா’ என்ற ஸ்பானியச் சொல்லுக்குத் தெப்பம் என்று பொருள். நட்ட ஆறு முதல் பத்து ஆண்டுகளுக்குள் இது வெட்டும் பருவத்தை அடைந்துவிடுகிறது. இதன் பெரிய உயிரணுக்களில் நீர் நிறைந்திருக்கும். உலர்த்தியதும் நீர் வெளியேறி வெற்றிடங்கள் எஞ்சும். எனவே தேக்கின் எடையில் ஏறத்தாழ கால் பங்கே இருக்கும். அந்த எடைக்கு இம்மரத்தின் உறுதியோ வியப்பளிப்பது. சாதாரண பிளேடு கொண்டே ஒரு சிறுவன் இதை வெட்டிவிடலாம்.

1927 மே மாதத்தில் சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாக, 33 மணி நேரத்துக்கும் மேலாக நிற்காமல் பறந்து சேர்ந்தார். அதன்பின் விமான மோகம் சிறுவர்களைப் பற்றிக்கொண்டது. அடுத்து வந்த பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் விலையுயர்ந்த பொம்மைகளைப் பல குடும்பங்களால் வாங்க இயலவில்லை. மாசசூசெட்ஸின் கில்லோ, சிகாகோவின் காமெட் முதலிய நிறுவனங்களின் மலிவான பெட்டிகள் அவ்வீடுகளுக்குள் நுழைந்தன.

செய்முறை பொறுமையைக் கோருவது. பலகையின்மேல் வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாதிருக்க அதன்மேல் மெழுகுத்தாளைப் பரப்ப வேண்டும். குச்சிகளைக் கோட்டின்மீது வைத்துக் குண்டூசிகளால் நிறுத்தி ஒட்ட வேண்டும். பசை காயும்வரை தொடக்கூடாது. சிறகின் விலா எலும்புகளைப் போன்ற துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பொருத்தியபின், சட்டகத்தை மென்தாளால் போர்த்தி நீர் தெளிப்பார்கள். தாள் உலர்கையில் சுருங்கி, முரசின் தோல்போல் இறுகும். அவசரப்பட்டால் அந்த இறுக்கமே சிறகை முறுக்கிவிடும்.

பின்னர் புல்வெளியில் சோதனை. மூக்குக் கனமானால் விமானம் தலைகுப்புற விழும்; வால் கனமானால் எழும்பித் தடுமாறி வீழும். மூக்கில் சிறிது களிமண்ணை ஒட்டி, மீண்டும் எறிந்து பார்க்க வேண்டும். ஒட்டுவதில் காட்டிய அலட்சியமும், ஒளித்துவைத்த கோணலும் அங்கே வெளிப்பட்டுவிடும். செய்தவன் யார் என்று காற்று பார்ப்பதில்லை.

இக்கைத்திறனைப் போரும் தேடி வந்தது. 1942இல் அமெரிக்கக் கடற்படை, நட்பு விமானத்தையும் எதிரி விமானத்தையும் வேறுபடுத்தி அறியும் பயிற்சிக்காக ஐந்து லட்சம் மர மாதிரிகளைச் செய்து தருமாறு பள்ளி மாணவர்களைக் கேட்டது. அவை உண்மை அளவில் 72இல் ஒரு பங்கு. 35 அடிக்கு அப்பால் வைத்தால் அரை மைல் தொலைவில் பறக்கும் விமானமாகத் தோன்றும். பால்சா மரமும் போருக்குச் சென்றது. பிரிட்டனின் மஸ்கிட்டோ விமானத்தின் உடல், ஒட்டுப்பலகைகளுக்கு இடையே பால்சாவை வைத்து உருவாக்கப்பட்டது. விளையாட்டாகக் கற்ற கை பின்னாளில் எதற்குப் பயன்படும் என்பதைச் சிறுவர் தீர்மானிப்பதில்லை. பெரியவர்களின் உலகமே தீர்மானிக்கிறது. இதுவும் நாம் மறக்கலாகாத பாடம். அதே தலைமுறையில் மாதிரி விமானங்கள் செய்து வளர்ந்த ஒஹாயோ மாநிலச் சிறுவன் நீல் ஆம்ஸ்ட்ராங், 1969இல் நிலவில் கால் பதித்தார்.

1950களில் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகள் பெருகின. அவை அச்சு அசலாக இருந்தன, விரைவில் முடிந்தன, அலமாரியை அழகுபடுத்தின. ஆனால் அவை பறக்க வேண்டியதில்லை. பார்ப்பவர் பாராட்டினால் போதும். மாற்றத்தின் உட்பொருள் இதுவே: பால்சா விமானத்துக்குத் தீர்ப்பு வழங்கியது காற்று, பிளாஸ்டிக் விமானத்துக்குத் தீர்ப்பு வழங்குவது கண்.

இன்று நம் பிள்ளைகளுக்கு முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட பொருள்களையே வாங்கித் தருகிறோம். அவை பழுதானால் தூக்கி எறிகிறோம். தன் தவற்றைத் தானே கண்டு, தானே திருத்தி, மீண்டும் முயலும் வாய்ப்பு அவற்றில் குறைவு. ரைட் சகோதரர்களின் தந்தை பொம்மையை வாங்கித் தந்தார். அது உடைந்தபின் பிள்ளைகள் செய்து பார்த்தனர். விடுமுறை நாளொன்றில், முடிவுறாத ஒரு பொருளையும் அதைச் செய்து முடிக்கத் தேவையான நேரத்தையும் நம் பிள்ளைகளுக்கு அளிப்போம். முதல் முயற்சி தரையில் விழட்டும். அதை எடுத்துக்கொண்டு அவர்கள் திரும்பி வரும்போது, ஏன் விழுந்தது என்று உடன் அமர்ந்து கேட்போம்.