பச்சை நாக்கு சொன்ன சேதி

"அண்ணே, ரெண்டு நாளா வயித்தால போகுது, ஏதாச்சும் மாத்திரை குடுங்க."

மெடிக்கல் ஷாப்ல நின்னு இந்த வசனத்தைச் சொல்லாதவங்க நம்மில் ரொம்பக் கம்மி. கடைக்காரரும் ஒரு பட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரிச்சு, கவர்ல போட்டு, "சாப்பாட்டுக்கு அப்புறம் காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு"ன்னு குடுத்துடுவார். பேதிக்கெல்லாம் போய் யாராவது டாக்டரைப் பார்ப்பாங்களா என்பது நம்ம எண்ணம். இப்படி ஒரு சாதாரண பேதி மாத்திரை ஒரு நாட்டையே உலுக்கியிருக்கு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. நடந்தது ஜப்பானில்.

மருந்தின் பெயர் கிளியோகுவினால். 1900 வாக்கில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், புண்ணில் போடும் கிருமிநாசினியாக வந்தது. 1934-ல் சீபா கம்பெனி இதையே வாய்வழி சாப்பிடும் மாத்திரையாக்கி, 'எண்டரோ-வயோஃபார்ம்' என்று பெயர் வைத்து விற்க ஆரம்பித்தது. முதலில் அமீபா சீதபேதிக்கு. போகப்போக எல்லா வயிற்றுப்போக்குக்கும். அப்புறம் வெளியூர் போகும் சுற்றுலாப் பயணிகள் பேதி வராமல் இருக்க முன்கூட்டியே போட்டுக்கொள்வதற்கும்! பல நாடுகளில் சீட்டு இல்லாமலே கிடைத்தது. நம்ம ஊரிலும் பரவலாக விற்ற மருந்துதான். வீட்டுல வயசானவங்க இருந்தா இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க, நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும்.

இவ்வளவு தாராளமாகக் கொடுத்ததற்கு ஒரு நம்பிக்கை காரணம். மாத்திரை குடலில் மட்டும் வேலை செய்துவிட்டு அப்படியே வெளியே போய்விடும், ரத்தத்தில் சேராது என்று நினைத்தார்கள். ரத்தத்தில் சேராத மருந்து உடம்பை என்ன செய்துவிடப் போகிறது?

1950-களின் நடுவிலிருந்து ஜப்பானில் ஒரு விசித்திரமான நோய் தலைகாட்டியது. முதலில் வயிற்று வலி, பேதி. அப்புறம் பாதத்தில் மரமரப்பு. அது மெல்ல மேலே ஏறும். கால் துவளும், நடக்க முடியாது. சிலருக்குக் கண்பார்வையே போய்விடும். 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ். படகுப்போட்டி நடந்த டோடா பகுதியில் இந்த நோய் பலருக்கு வந்து பெரிய பேச்சானது. அதே வருடம் நோய்க்கு ஒரு நீளமான மருத்துவப் பெயர் வைத்தார்கள். சுருக்கமாக 'ஸ்மான்'.

ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில், ஒரே ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்து பலருக்கு வந்ததால் தொற்றுநோய் என்று சந்தேகப்பட்டார்கள். 1970 தொடக்கத்தில், கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் இதற்குக் காரணமான வைரஸைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. அவ்வளவுதான். கால் போய், கண் போய்க் கிடந்தவர்களை ஊரும் ஒதுக்கியது, சொந்தக்காரர்களும் ஒதுங்கினார்கள். தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. நோயை விட 'ஒட்டிக்கும்' என்கிற பேச்சு அவர்களை அதிகம் கொன்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

முடிச்சை அவிழ்த்தது ஒரு நிறம். நோயாளிகள் பலருடைய நாக்கில் பச்சை நிறம் படிந்திருந்தது. மலம் பச்சையாக இருந்தது. 1970-ல் சில நோயாளிகளின் சிறுநீரும் பச்சையாக வர, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்தார்கள். பச்சைக்குக் காரணம் இரும்போடு சேர்ந்த கிளியோகுவினால்! 'ரத்தத்தில் சேராது' என்று சொன்ன மருந்து, ரத்தம் வழியாகச் சிறுநீரகம் வரை போய் சிறுநீரில் இறங்கியிருக்கிறது.

நீகாட்டா பல்கலைக்கழகத்தின் தாதாவோ ட்சுபாகி என்ற நரம்பியல் பேராசிரியர் இதைப் பிடித்துக்கொண்டார். நீகாட்டாவில் பாதரசத்தால் வந்த மினமாட்டா நோயை 1965-ல் வெளியே கொண்டுவந்தவரும் இவர்தான். நோயாளிகள் நரம்புக் கோளாறு வருவதற்கு முன் என்னென்ன மருந்து சாப்பிட்டார்கள் என்று விசாரித்தார். கிட்டத்தட்ட எல்லாருமே கிளியோகுவினால் சாப்பிட்டவர்கள். 1970 செப்டம்பரில் அரசு விற்பனையை நிறுத்தியது. புது நோயாளிகள் வருவது ஏறக்குறைய நின்றே போனது. அதற்குள் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 11,000 பேர்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்த விஷயம் இனிமேல்தான். இந்த மருந்தாலேயே வயிற்று வலி வரும். வயிற்று வலி வந்தால் என்ன செய்வோம்? இன்னும் கொஞ்சம் மாத்திரை. வலி கூடும். மறுபடியும் மாத்திரை. மருந்து எது, வியாதி எது என்று பிரிக்கவே முடியாத வட்டம். அந்தக் காலத்தில் ஜப்பானில் டாக்டர்களே மருந்தும் விற்பது வழக்கமாக இருந்தது. அதனால் அதிக அளவில், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொடுத்தார்கள். மற்ற நாடுகளில் அங்கொருவர் இங்கொருவர் என்று போனது அங்கே ஆயிரக்கணக்கில் ஆனதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

சரி, முன்னாடி யாருக்கும் தெரியாதா? தெரிந்திருந்தது. 1935-லேயே அர்ஜென்டினாவில் டாக்டர்கள் நரம்புப் பாதிப்பைப் பதிவு செய்திருக்கிறார்கள். நாய்களுக்குக் கொடுத்தால் வலிப்பு வருகிறது என்று 1960-களில் கம்பெனியே கால்நடை மருத்துவர்களை எச்சரித்தது. நாய்க்கு ஆகாது, மனுஷனுக்கு ஆகுமாம்! அமெரிக்கா 1960-களின் தொடக்கத்திலேயே இதைச் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும் மருந்தாக மாற்றிவிட்டது.

ஜப்பானில் பாதிக்கப்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1978 ஆகஸ்ட் 3-ம் தேதி டோக்கியோ நீதிமன்றம் கம்பெனிகளோடு அரசும் பொறுப்பு என்று தீர்ப்பு சொன்னது. மருந்தின் பக்கவிளைவால் பாதிக்கப்படுபவர்களுக்கு உதவ 1979-ல் தனிச் சட்டமே வந்தது. ஸ்வீடனின் ஒல்லே ஹான்சன் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர், இந்த வகை மருந்தால் ஒரு குழந்தைக்குப் பார்வை போனதை 1966-லேயே லான்செட் இதழில் எழுதியவர், வருஷக்கணக்கில் விடாமல் போராடினார். கடைசியில் 1985-ல்தான் கம்பெனி உலகம் முழுக்க அந்த மாத்திரையை நிறுத்தியது. ஜப்பான் நிறுத்தி 15 வருடம் கழித்து! அதே வருடம் ஹான்சன் இறந்துபோனார். (கிளியோகுவினால் இன்றும் சில தோல் களிம்புகளில் இருக்கிறது. அது வெளிப்பூச்சு, இந்தக் கதை அதைப் பற்றியது அல்ல.)

இதே காலகட்டத்தில், இதே பேதிக்கு, நம்ம பக்கத்திலேயே வேறொரு விடை கிடைத்தது. 1971-ல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வர, மேற்கு வங்காளத்தின் பன்காவ் முகாமில் காலரா. சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மஹலநோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்து, நோயாளிகளுக்கு அவர்கள் சொந்தக்காரர்களையே விட்டுக் குடிக்க வைத்தார். 30 சதவீதம் வரை போன சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. நாம் மெடிக்கல்ல வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

ஆனா ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது. இழந்த தண்ணியையும் உப்பையும் திரும்பக் கொடுக்கும், அவ்வளவுதான். சாதாரண பேதி பெரும்பாலும் தானாகவே நிற்கும். நமக்கு அது போதாது, உடனே 'நிறுத்துற' மாத்திரை வேணும். பொட்டலத்தை நீட்டினா "இது மட்டும் போதுமா?"ன்னு கேட்போம். அந்த 'உடனே நிக்கணும்' என்கிற அவசரத்தில்தான் எண்டரோ-வயோஃபார்ம் உலகம் பூரா வித்தது.

அதனால மருந்துக் கடையில நல்ல ஆலோசனை என்பது மாத்திரை பேரு இல்லீங்க. கேள்விதான். எத்தனை நாளா? யாருக்கு, வயசு என்ன? ரத்தம் போகுதா? காய்ச்சல் இருக்கா? சிறுநீர் சரியா போகுதா? இதுவரைக்கும் என்ன மாத்திரை போட்டீங்க? கைக்குழந்தை, ரத்தம், கடும் காய்ச்சல், கண் குழிந்த சோர்வு என்றால் ஓ.ஆர்.எஸ்.ஸைக் குடித்துக்கொண்டே டாக்டரிடம் போகணும். கடைசிக் கேள்வியை ஜப்பானில் எல்லாரிடமும் முறையாகக் கேட்க 15 வருஷம் ஆச்சு.

அடுத்த தடவை கடைக்காரர் இப்படி நாலு கேள்வி கேட்டா, "கேட்டதைக் குடுக்காம என்ன விசாரணை"ன்னு எரிச்சல் படாதீங்க. கேட்காம குடுக்கிறவர்கிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும்.