கயிற்றை எப்போது அவிழ்ப்பது?



தோட்டத்துச் செம்மண் சாலையில் சைக்கிள் பழகும் சிறுவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அண்ணன் இருக்கையைப் பிடித்தபடி பின்னால் ஓடி வருவான். பிறகு சொல்லாமலே கையை விட்டுவிடுவான். தம்பி சிறிது தூரம் நன்றாகவே ஓட்டுவான். நிறுத்த வேண்டிய இடத்தில்தான் விழுவான். ஹெலிகாப்டர் ஓட்டப் பழகுகிறவர்களின் வரலாற்றிலும் இதே சிக்கல் உண்டு. மேலே எழும்பியவன் தனியே தரையிறங்க வேண்டுமே!

இகோர் சிகோர்ஸ்கி 1889-ஆம் ஆண்டில் கீவ் நகரில் பிறந்தவர். அவர் 1909-இல் செய்த முதல் ஹெலிகாப்டர் எழும்பவே இல்லை. மறு ஆண்டில் செய்தது தன் எடையைத் தூக்கியது, ஆளைத் தூக்கவில்லை. 1919-இல் அமெரிக்காவில் குடியேறிய அவர், இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் முயன்றார். 1939 செப்டம்பர் 14 அன்று, தம் ஐம்பதாம் வயதில், வி.எஸ். 300 என்னும் ஊர்தியைத் தாமே ஓட்டித் தரையிலிருந்து எழுப்பினார். அவருக்குக் கற்பிக்க ஆசிரியர் எவரும் இல்லை. ஆகவே ஊர்தியைக் கயிற்றால் பிணைத்து வைத்தே பழகினார். அந்தக் கயிறே அவருக்கு ஆசிரியர்.

அந்த ஆண்டு டிசம்பரில் காற்று அடித்து ஊர்தி புரண்டு சேதமுற்றது. சிகோர்ஸ்கி சோர்ந்துவிடவில்லை. வால் பகுதியை மாற்றியமைத்து, மறுபடியும் கயிற்றோடு பறக்கவிட்டுச் சோதித்தார். 1940 மே 13 அன்றுதான் கயிறு அவிழ்ந்தது. 1941 மே 6 அன்று அதே ஊர்தி 1 மணி 32 நிமிடத்துக்கு மேல் வானில் நின்று உலக சாதனை படைத்தது.

இந்த முயற்சியின் பயனை நம் நாடும் கண்டது. சிகோர்ஸ்கியின் அமைப்பைத் தழுவிப் பிரிட்டனில் செய்யப்பட்ட டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர்கள் 1950-இல் சிங்கப்பூரின் செலேத்தார் தளத்துக்கு வந்தன. அவசர காலத்தில் மலாயாக் காடுகளில் காயமுற்றவர்களை ஏற்றி வருவது அவற்றின் பணி. மரங்களுக்கிடையே வெட்டிய சிறு வெளியில் இறங்கத் தெரியாவிட்டால் அந்த ஊர்தியால் பயன் ஏது?

சரி, தரையிறங்குவதில் அப்படி என்ன கடினம்? பயிற்சிக்குரிய சிறு ஹெலிகாப்டர்கள் பலவற்றில் சக்கரம் இராது. அடியில் இரண்டு சறுக்குக் கால்கள் இருக்கும். அவற்றுள் ஒன்று சேற்றிலோ புல்லிலோ சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். மேலே சுழலும் இறக்கைகள் இன்னும் தூக்கிக்கொண்டே இருக்கின்றன. அப்போது சிக்கிய கால் அச்சாகி, ஊர்தி பக்கவாட்டில் புரளத் தொடங்கும். சாய்வு 5 முதல் 8 பாகையைத் தாண்டிவிட்டால், எதிர்ப்பக்கம் திருப்பினாலும் பெரும்பாலும் நிமிராது. பதறிய மாணவன் மேலே எழும்பித் தப்ப நினைப்பான். அது நிலைமையை இன்னும் கெடுக்கும். இடக்கையிலுள்ள பிடியை நிதானமாகத் தாழ்த்தித் தூக்கு விசையைக் குறைப்பதே சரியான செயல்.

தனியே பறக்கும் முதல் நாளில் மற்றொரு மாற்றமும் உண்டு. 1979-இல் பறக்க அனுமதி பெற்ற ராபின்சன் ஆர். 22 என்னும் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளிகளில் மிகவும் பரவியது. அதில் இரண்டே இருக்கைகள். அதன் வெறும் எடை ஏறக்குறைய 400 கிலோ. அதிலிருந்து ஆசிரியர் இறங்கிவிட்டால் பாரம் குறைகிறது. மிஞ்சிய பாரமும் ஒரு பக்கமாகிறது. நேற்று வரை கை பழகிய அளவு இன்று பொருந்தாது. ஊர்தி எதிர்பார்த்ததைவிட எளிதில் எழும்பும். சற்றே வேறுவிதமாகச் சாய்ந்து நிற்கும். இதை முன்கூட்டியே அறியாத மாணவன், ஊர்தியில் ஏதோ கோளாறு என்று எண்ணி மிரளக்கூடும்.

இறக்கையின் சுழற்சி வேகம் தளர்வது போன்ற காரணங்களால் இந்த வகை ஹெலிகாப்டர் பல விபத்துகளுக்கு உள்ளாயிற்று. அவற்றை ஆராய்ந்த அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1995-இல் ஒரு விதி வகுத்தது. புதிய மாணவன் அதில் தனியே பறக்குமுன் குறைந்தது 20 மணி நேரம் ஆசிரியருடன் பறந்திருக்க வேண்டும் என்பதே அது. சிகோர்ஸ்கியின் கயிறு, இங்கே 20 மணி நேரமாக வடிவெடுத்தது எனலாம்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் பாடம் உண்டு. மாணவனைத் தனியே விடாமல் இருக்க முடியாது. விட்டால்தான் அவன் விமானி ஆவான். ஆனால், நாம் அருகில் இல்லாதபோது எது மாறும், எங்கே தடுமாற்றம் வரும், வந்தால் முதலில் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்காமல் கையை விடுவது தவறு. அப்படி விட்டபின் அவன் விழுந்தால், அந்தப் பிழையில் நமக்கும் பங்குண்டு. மாணவர்களே, ஆசிரியர் ஒரே பாடத்தை மீண்டும் மீண்டும் செய்யச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தனியே போகும் நாளுக்காகத்தான் அவர் கயிற்றை இன்னும் பிடித்திருக்கிறார்.