பரவலும் கொள்திறனும்: தாழ்சுற்றுப்பாதை இணைய வலையமைப்புகளின் எல்லை

பூமத்தியரேகைக்கு மேல் 35,786 கி.மீ. உயரத்தில் நிறுத்தப்படும் மூன்று செயற்கைக்கோள்களால், துருவங்கள் நீங்கலாக உலகம் முழுவதையும் எட்டிவிட முடியும். ஆனால் அவ்வளவு உயரத்துக்கு ஒரு வினவல் ஏறி இறங்கி, அதற்கான விடை அதே வழியில் திரும்பிவர ஒளிக்கே ஏறத்தாழ அரை வினாடி தேவை. 550 கி.மீ. உயரத்தில் அதே பயணம் பத்து மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும். இந்த வேகத்துக்காக இழப்பது பார்வைப் பரப்பு. அடிவானத்திலிருந்து 25 பாகைக்கு மேல் தெரியவேண்டும் என்று கொண்டால், ஒரு செயற்கைக்கோள் சுமார் 940 கி.மீ. ஆரத்துக்கே பயன்படும், அதுவும் ஓரிடத்தில் நில்லாமல் ஏறத்தாழ 95 நிமிடத்துக்கு ஒருமுறை உலகைச் சுற்றும். ஆயிரக்கணக்கில் செயற்கைக்கோள்களை ஏவக் காரணம் இதுவே என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது பாதி விளக்கம்தான். 780 கி.மீ. உயரத்தில் 66 செயற்கைக்கோள்களைக் கொண்டு இரிடியம் 1998-லேயே உலகளாவிய தொலைபேசிச் சேவையைத் தொடங்கிவிட்டது. உலகம் முழுவதும் பரவ ஆயிரங்கள் தேவையில்லை. ஆயிரங்களைக் கோருவது கொள்திறன், அதாவது ஒரு வினாடியில் அனுப்பக்கூடிய தரவின் அளவு. அந்தக் கொள்திறன் நிலப்பரப்பைப் பொறுத்துப் பகிரப்படுகிறதே தவிர, மக்கள்தொகையைப் பொறுத்து அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தாழ்சுற்றுப்பாதை இணைய வலையமைப்பான ஸ்டார்லிங்கின் முதல் தலைமுறைத் திட்டத்தில் 4,408 செயற்கைக்கோள்கள் இருந்தன. அவை 51 கோடி சதுர கி.மீ. புவிப்பரப்பின்மேல் சீராகப் பரவியுள்ளதாகக் கொள்வோம். வங்கதேசத்தின் பரப்பு ஏறத்தாழ 1.48 லட்சம் சதுர கி.மீ.; அதன் பங்குக்கு ஒன்றேகால் செயற்கைக்கோள் வரும். அங்கு வாழ்வோர் சுமார் 17 கோடி. மங்கோலியாவின் பரப்புக்குப் பதின்மூன்றுக்கும் மேல் கிடைக்கும். அங்கோ மக்கள் 35 லட்சமே. ஒவ்வொன்றும் வினாடிக்கு 20 கிகாபிட் தருவதாகவும், மக்களில் நூற்றுக்கு ஒருவர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதாகவும் வைத்துக் கணக்கிட்டால், மங்கோலியப் பயனர் ஒருவருக்கு வினாடிக்கு ஏழு மெகாபிட்டுக்கு மேல் கிடைக்கும்; வங்கதேசத்தவருக்கு 15 கிலோபிட்தான். உண்மையில் சுற்றுப்பாதையின் 53 பாகைச் சாய்வால் அந்த அட்சரேகையை ஒட்டிச் செயற்கைக்கோள்கள் நெருங்கி நிற்கின்றன. அது மங்கோலியாவுக்கே மேலும் சாதகம்.

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். எண்ணிக்கையைக் கூட்டலாமே என்பது முதலாவது. பத்து மடங்காக்கினாலும் இரு நாடுகளுக்கும் பத்து மடங்கே கூடும். வங்கதேசத்தவர் 150 கிலோபிட்டில் நிற்பார். மேலும், இவற்றின் ஆயுள் ஏறத்தாழ ஐந்தாண்டு என்பதால், கூட்டிய ஒவ்வொன்றையும் ஓயாமல் மாற்றியாக வேண்டும். கடல்மேல் செல்லும்போது அவற்றின் கொள்திறனில் பெரும்பகுதி வீணாவதையும் சேர்த்தே இச்செலவைக் கணக்கிடவேண்டும். அண்டை வானத்திலுள்ள செயற்கைக்கோள்களும் உதவலாமே என்பது இரண்டாவது. உதவலாம், ஆனால் வங்கதேசத்தின் மேற்கே இருப்பது கங்கைச் சமவெளி. அங்கும் அதே நெருக்கடி என்பதால் கடன் தரக்கூடியவை கடல்பக்கமும் மக்கள் குறைந்த பிற பக்கங்களும் மட்டுமே. ஒரே அலைவரிசையை ஒரே இடத்தில் பலமுறை பயன்படுத்தினால் குறுக்கீடு எழும் என்பதும், உயரப் பாதையிலுள்ள செயற்கைக்கோள்களைக் காக்கப் பன்னாட்டு விதிகள் சமிக்ஞை வலுவுக்கு வரம்பிட்டிருப்பதும் இந்த உதவியை மேலும் சுருக்குகின்றன. மூன்றாவது மறுப்பு, செயற்கைக்கோள்களை ஒன்றோடொன்று இணைக்கும் லேசர் பற்றியது. வெற்றிடத்தில் ஒளி, கண்ணாடியிழையில் செல்வதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரைவாகச் செல்லும்; தரைநிலையம் அமைக்க முடியாத நடுக்கடலையும் லேசர் எட்டவைக்கும். இவை உண்மையான ஆதாயங்கள். ஆயினும் நெருக்கடி இருப்பது வானிலிருந்து பயனருக்கு இறங்கும் ரேடியோ அலையில். லேசர் அதைத் தொடுவதில்லை.

இதனால் இவ்வலையமைப்புகள் பயனற்றவை ஆகிவிடா. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்காவின் கடலடிக் கேபிள் அறுந்து, ஒரு மாதத்துக்கு மேல் துண்டிக்கப்பட்டிருந்தபோது, செயற்கைக்கோளே அந்நாட்டின் வெளித்தொடர்பு. சுமார் ஒரு லட்சம் பேர் பல தீவுகளில் சிதறி வாழும் அந்த நாட்டின் அமைப்பு, சுற்றியுள்ள கடல்மேல் வீணாகும் கொள்திறனும் அதற்குக் கிடைப்பதால், மேற்கண்ட கணக்கில் மங்கோலியாவின் பக்கம் சேர்வது. மறுபுறம், 2017-இல் முடிந்த மரேயா அட்லாண்டிக் கேபிள் எட்டு இழை இணைகளில் வினாடிக்கு 160 டெராபிட் வடிவமைப்புத் திறன் கொண்டது: ஓர் இணைக்கு 20 டெராபிட், அதாவது நாம் கொண்ட செயற்கைக்கோளைப் போல் ஆயிரம் மடங்கு. ஆகவே, இணையம் எட்டாதவர்களுக்காக அரசுகள் ஒதுக்கும் பொதுநிதியைத் தொழில்நுட்பத்தின் புதுமையைப் பார்த்துப் பிரிக்காமல், மக்கள் அடர்த்தியைப் பார்த்துப் பிரிக்கவேண்டும். சதுர கிலோமீட்டருக்குச் சிலரே வாழும் மலை, பாலை, தீவுகளுக்குச் செயற்கைக்கோள் கட்டண மானியம் பொருந்தும்; நூற்றுக்கணக்கானோர் வாழும் சமவெளிக் கிராமத்துக்கு அதே மானியம், இழை பதிக்கும் பணியைத் தள்ளிப்போடும் சாக்காகவே முடியும்.