கண்டியின் முட்கதவுகளும் கணினியின் தீச்சுவரும்

மலையும் காடும் மகாவலி கங்கையுமே கண்டி இராச்சியத்தின் அரண்கள். கணவாய்ப் பாதைகளில் 'கடவத்தை' எனப்படும் காவல் தடைகளும் முட்கதவுகளும் இருந்தன. 1803 இல் உட்புகுந்த ஆங்கிலேயப் படை வட்டபுளுவையில் மகாவலிக் கரையிலே அழிந்தது.

அதே அரண் 1815 இல் ஏன் உதவவில்லை? கதவுகள் பழுதுபடவில்லை, காவலரே மாறினர். 1814 இல் கிளர்ந்த எகலப்பொலை ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார்; மன்னன் அவருடைய மனைவி மக்களைக் கொல்வித்தான். மறு ஆண்டு, மேற்கு வாயிலான நான்கு கோறளையின் திசாவை மொல்லிகொடையும் எதிர்ப்பக்கம் சேர்ந்தார். பெப்ரவரியில் தலைநகர் வீழ்ந்தது. வேலூருக்கு நாடு கடத்தப்பட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1832 இல் அங்கேயே மறைந்தான்.

2024 ஒக்ரோபரில் கணினி உலகம் இதையொத்த செய்தியைக் கேட்டது. பல தீச்சுவர்களை ஓரிடத்திலிருந்து ஆளும் 'ஃபோர்ட்டிமானேஜர்' மென்பொருள், வந்தவர் யாரெனச் சரிபாராமலே கட்டளை ஏற்கும் குறையுடன் இருந்தது. அதன் கடுமைக்கு இடப்பட்ட புள்ளி பத்துக்கு 9.8. எதிரி சுவரைத் துளைக்கவில்லை. சுவர்களை ஆள்வதன் வழியே நுழைந்து, அவற்றின் அமைப்பு விபரங்களை அள்ளிச் சென்றான்.

ஒரு வேறுபாடு உண்டு. மனம் மாறிய திசாவையைத் திருத்த மன்னனுக்கு வழியிருக்கவில்லை. மென்பொருளைத் திருத்தலாம், திருத்தம் வந்தவுடன் அதைப் பொருத்துவோருக்கு மட்டுமே அது பயன்.